முகப்பேட்டில் நிற்கும் ‘ஆல்’ உருபு

 

பழைய நூலொன்று கைக்கு வந்தால் பாட்டைத் தேடுவது கவிஞர் இயல்பு. ஆய்வாளர் முதலில் தேடவேண்டியது முகப்பேட்டை. எழுதியவர், மூலத்தைப் பரிசோதித்தவர், பொருளுதவியவர், அச்சிட்டவர், விற்றவர் எனப் பலர் கூடி ஒரு நூலை ஆக்குகின்றனர். அவருள் எவர் பெயர் எந்த உருபேற்று நிற்கிறது என்பது நுணுகி நோக்கத்தக்கது.

மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’ கருத்தாப் பொருளில் வரும். அக்கருத்தா ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகைப்படும். கோயிலை எடுப்பித்த அரசனுக்கும், கல்லை அடுக்கிய தச்சனுக்கும் உருபு ஒன்றே. ‘இன்னாரால் பதிப்பிக்கப்பட்டது’ என்னும் முகப்பேட்டுத் தொடரிலும் இம்மயக்கம் உண்டு. ‘பதிப்பித்தல்’ என்ற சொல்லும் சென்ற நூற்றாண்டுகளில் அச்சிடுதலையும் மூலத்தைத் திருத்தி வெளியிடுதலையும் ஒருங்கே குறித்தது. 1812இல் சென்னையில் வெளிவந்த திருக்குறள் மூலபாடத்தின் முகப்பேட்டில் தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் பெயர் காணப்படுகிறது. அவர் ஏவியவரா, இயற்றியவரா என்பதை உருபு மட்டும் உணர்த்திவிடாது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தக வணிகத்திலும் இந்நிலையே. தாமஸ் கிரேயின் கல்லறைத் தோட்டத்து இரங்கற்பா 1751இல் டாட்ஸ்லிக்காக அச்சிடப்பட்டு, கூப்பரால் விற்கப்பட்டது என்றே முகப்பேடு கூறுகிறது. பாடிய கவிஞர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் அங்கில்லை. நான்காம் வேற்றுமை முதலீட்டாளரைச் சுட்டுகிறது. மூன்றாம் வேற்றுமை விற்பனையாளரைச் சுட்டுகிறது. போப்பின் ‘டன்சியட்’ 1728இல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தபோதோ, டப்ளினில் அச்சாகி இலண்டனில் மறுஅச்சானது போல் முகப்பேடு புனையப்பட்டது. பலரை எள்ளிய பாட்டுக்கு அது ஒரு முகமூடி.

இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களையும் இடங்களையும் நூலில் குறிக்கவேண்டும் என விதித்தது. ஆயினும் அச்சட்டம் அச்சிட்டவர் என்று கொண்டது அச்சகப் பொறுப்பாளரை, எழுத்துக் கோத்தவரையன்று.

ஆண்டும் எச்சரிக்கையோடு கணிக்கத்தக்கது. ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருப்பின் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். தை மாதமும் சேர்ந்திருப்பின் முறையே 1868, 1928 எனக் கொள்ள வேண்டும். அச்சகப் பெயரும் ஏமாற்றக்கூடும். ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை யாழ்ப்பாணத்திலும் இருந்தது, சென்னையிலும் இருந்தது. ஊர்ப்பெயரை விடுத்து அச்சகப் பெயரை மட்டும் குறித்துக்கொள்வோர் கடல் கடந்து தவறுவர்.

முகப்பேட்டில் இடம் பெறாது போகும் பணியும் உண்டு. 1880இல் குடந்தையில் உ. வே. சாமிநாதையரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். அதன் பயனாக 1887இல் அந்நூல் அச்சேறியது. தூண்டியவரை எல்லா முகப்பேடும் குறிப்பதில்லை. அச்செய்தியை ஐயரின் ‘என் சரித்திரம்’ காத்துத் தந்தது. எல்லா நூலுக்கும் அத்தகைய வரலாறு வாய்ப்பதில்லை.

இவ்வட்டத்துக் கவிஞர்க்கு இஃது அயலார் செய்தியன்று. கவிஞரே கைப்பொருள் செலவிட்டு அச்சிடும் தொகுப்பில் பெயரளவிலான ஒரு பதிப்பகம் தோன்றுகிறது. மெய்ப்புத் திருத்திய நண்பர் மறைகிறார். ஆண்டு சிலவேளை விடுபடுகிறது. நூறாண்டு கழித்து அதனைக் காண்பவர், இல்லாத பதிப்பகம் ஒன்று நல்ல கவிதைகளைத் தேர்ந்து வெளியிட்டதாக எழுதக்கூடும். கவிஞர் பட்ட கடன் இலக்கிய வரலாற்றில் ஏறாது.

ஆதலின் இனி வெளிவரும் நூல்களில் ஒவ்வொருவர் பணிக்கும் உரிய வினைச்சொல்லை இடுதல் வேண்டும். திருத்தினார், பொருளுதவினார், அச்சிட்டார் எனத் தனித்தனியே குறித்து, ஊரும் திங்களும் ஆண்டும் சேர்த்தல் வேண்டும். அதற்கு மிகும் செலவு நான்கு வரி மட்டுமே. இவ்விழா மலரின் முகப்பேட்டிலிருந்தே அது தொடங்கலாம்.