உலர்ந்த கண்ணுக்கு ஒளிச் சிகிச்சை

தில்லியின் வறண்ட காற்றிலும் அலுவலகக் கணினித் திரையின் முன்னும் நாள் கழிக்கும் நம்மில் பலருக்குக் கண் உறுத்துகிறது, எரிகிறது. கண்ணீர் குறைந்துவிட்டது என்று கருதுகிறோம். பெரும்பாலும் குறைவது நீரன்று, நெய்.

இமை விளிம்பில் நெய்ச் சுரப்பிகள் வரிசையாக அமைந்துள்ளன. 1666-இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் மைபோமின் பெயரையே அவை தாங்குகின்றன. அவை சுரக்கும் நெய், கண்ணீரின்மீது மெல்லிய படலமாகப் பரவி, அது ஆவியாகாமல் காக்கிறது. சுரப்பிகள் அடைபட்டால் கண் விரைவில் உலர்ந்துவிடும்.

இதற்கே ஒளிச் சிகிச்சை பயன்படுகிறது. கண்களைக் கவசமிட்டு மூடி, கீழிமைக்கு அடியில் கன்னத்தின்மீது ஒளித்துடிப்புகளைச் செலுத்துகின்றனர். விரிந்த நுண்குழாய்களின் இரத்தம் அவ்வொளியை ஏற்றுச் சூடாக, குழாய்கள் சுருங்கி அழற்சி தணிகிறது என்பர் மருத்துவர். பின்னர் இமையை அழுத்தி, உறைந்த நெய்யை வெளியேற்றுவர். சில வார இடைவெளியில் நான்கு முறை செய்வது வழக்கம். 2021-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய கருவி ஒன்றுக்கு இசைவு அளித்தது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. தோலின் கருநிறமியும் அவ்வொளியை ஏற்கும். கருநிறத் தோல் வெந்துபோகவும் நிறம் மாறவும் இடமுண்டு. ஆகவே அவ்விசைவு வெளிர்நிறம் முதல் மாநிறம் வரையுள்ளோர்க்கே உரியது. நம்மவருள் பலர் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். பணம் செலுத்துமுன், "என் தோலுக்கு இது ஏற்றதா?" என்று மருத்துவரைக் கேட்டறிதல் நம் கடமை.

ஏலாதெனினும் மனம் தளர வேண்டியதில்லை. மூடிய இமைமீது வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம், மருத்துவர் தரும் சொட்டுமருந்து, திரையினின்று அவ்வப்போது விலகும் பார்வை ஆகிய இவை எந்நிறத்தார்க்கும் பொதுவானவை.