வற்றாப்பளைக்குச் சென்ற வண்டில்கள்

வன்னி நாட்டு உழவர் குடும்பம் ஒன்று, வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவது ஆண்டில் எத்தனை நாள்? ஒரு தலைமுறைக்கு முன்னர் இவ்வினாவை எழுப்பியிருந்தால், பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் கூறியிருப்பர். வைகாசி விசாகத்தையொட்டி வரும் திங்கட்கிழமை, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். அதுவே அவர்களுக்கு வழிபாடு. அதுவே உல்லாசப் பயணம். உறவினரைக் காணும் நாளும் அதுவே.

வைகாசிக்கு அத்தகைய சிறப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் மாசி, பங்குனியில் வீடு வந்து சேரும். அதுவரை யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்த ஆடவருக்குக் கண்ணயர நேரமில்லை. நெல்லை மூட்டை கட்டி அடுக்கிய பிறகே கையில் சிறிது காசும் மனத்தில் சிறிது ஓய்வும் பிறக்கும். மழை ஓய்ந்து வழியும் காய்ந்திருக்கும். விசாகம் முழுமதியை அடுத்து வருவதால் இரவில் நிலவும் துணை நிற்கும்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை செல்லும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீற்றர் நீளமுடையது. இன்று பேருந்தில் அது சிறு பொழுதுக்குரிய பயணம். மாட்டு வண்டிலில் செல்வோருக்கோ இரண்டு இரவுப் பயணம். பகல் வெயிலில் எருதுகளை வருத்தாமல், பொழுது சாய்ந்த பின்னரே பூட்டுவர். காட்டு வழியில் யானைக்கு அஞ்சி எந்த வண்டிலும் தனியே செல்லாது. ஐந்தாறு கூடார வண்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் செல்லும். வண்டிலின் அடியில் அரிக்கன் இலாம்பு ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் இருப்பர். பிள்ளைகள் உறங்கமாட்டார்கள். எருதின் கழுத்து மணி ஓசையும், முன் வண்டிலில் யாரோ பாடும் பாட்டும், காட்டுக்குள்ளிருந்து எழும் இனந்தெரியாத ஒலியும் அவர்களை விழித்திருக்கச் செய்யும்.

விடிந்ததும் குளக்கரை மருத மரத்தின் கீழ் வண்டில்களை அவிழ்ப்பர். பெண்கள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவர். வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சோறும், யாழ்ப்பாணத்து உறவினர் அனுப்பிய பனாட்டும் வண்டிலுக்கு வண்டில் கைமாறும். ஒரு வீட்டார் சமைத்ததை மறுவீட்டார் உண்ணாமல் அந்தப் பயணம் நிறைவுறுவதில்லை. வரப்புத் தகராற்றினால் ஆண்டு முழுவதும் பேசாதிருந்த இருவர் ஒரே மர நிழலில் உண்ண நேர்ந்து, தகராறு தீர்ந்ததும் உண்டு.

தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என ஊர்களைக் கடந்து புதுக்குடியிருப்பை அடைந்ததும், வண்டில்கள் தெற்கே திரும்பிக் கேப்பாபுலவு வழியாக வற்றாப்பளையை நோக்கும். இடப்புறத்தில் நந்திக்கடல் விரிந்து கிடக்கும். அங்கே ஆச்சி கதையைத் தொடங்குவார். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, பல இடங்களில் தங்கி, இறுதியாக இக்கரையை அடைந்தாள். மாடு மேய்த்த சிறுவர்கள் முன் மூதாட்டி வடிவில் தோன்றி, விளக்கேற்றுமாறு கேட்டாள். எண்ணெய் இல்லை என்றனர் சிறுவர்கள். கடல்நீரை எடுத்து ஊற்றுங்கள் என்றாள். அவ்வாறே ஊற்ற, விளக்கு எரிந்தது. இது மரபுக் கதை.

அக்கதையைப் பிள்ளைகள் கண்ணாலும் காண்பர். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்பு நீரில் விளக்கேற்றுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பொங்கல். திங்களன்று வற்றாப்பளையில் பொங்கல். வெளி வீதியெங்கும் மண்பானைகள் பொங்கும். காவடிகள் ஆடிவரும். கச்சான் கடையும் காப்புக் கடையும் சிறுவரை இழுக்கும். பெரியோரோ ஆண்டுக்கொருமுறை காணும் உறவினரைத் தேடுவர். அந்த மணல் வீதியில் பேசி முடித்த திருமணங்கள் பல.

முள்ளியவளையில் உறவினர் வீட்டில் தங்குவோருக்கு மற்றொரு பேறும் வாய்ப்பதுண்டு. முல்லைமோடி என்னும் ஆட்டமரபில் அமைந்த கோவலன் கூத்து அப்பகுதிக்கே உரிய செல்வம். மத்தளமும் தாளமும் ஒலிக்க, அண்ணாவியார் பாட்டெடுக்க, பகலில் கலப்பை பிடித்தவர் இரவில் பாண்டியனாக வந்து நிற்பார். கண்ணகியாக வருபவரும் ஓர் ஆண்மகனே. அவர் யாருடைய மகன் என்பதைக் களரியைச் சூழ்ந்திருந்தோர் அனைவரும் அறிவர். ஆயினும் சிலம்பை உடைக்கும் வேளையில் பெண்கள் விம்மி அழுவர். ஊரே ஆடியது, ஊரே பார்த்தது.

வீடு திரும்புமுன், வண்டில்கள் முல்லைத்தீவுக் கடற்கரைக்கும் செல்வதுண்டு. குளத்தையும் வாய்க்காலையும் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளை, மறுகரை இல்லாத நீரை முதன்முறையாகக் கண்டு தந்தையின் கையை இறுகப் பற்றிக்கொள்ளும்.

இவ்வழியைப் பற்றி இவ்வளவு கூறி நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதே பாதையில் வன்னி மக்கள் மீண்டும் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். சனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என ஊர்களின் வரிசை மாறவில்லை. உழவு இயந்திரத்திலும், மாட்டு வண்டிலிலும், துவிச்சக்கர வண்டியிலும் பாயும் பானையும் நெல்லும் ஏறியிருந்தன. ஆனால் புதுக்குடியிருப்புக்கு அப்பால் அவர்கள் வற்றாப்பளைக்குத் திரும்பவில்லை. கரையோரமாக முள்ளிவாய்க்காலுக்குச் சென்றனர். சென்றோர் எல்லோரும் மீளவில்லை. மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டு வைகாசி விசாகத்தின்போது, எஞ்சிய மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தனர். பெரிய முகாமாகிய மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

ஆகவே இன்று வன்னியில் வளரும் ஒரு பிள்ளைக்கு இவ்வூர்களின் பெயர்கள் துயரத்தின் படிக்கட்டுகளாகவே சொல்லப்படுகின்றன. அது மறைக்கத்தக்கதன்று, மறக்கத்தக்கதுமன்று. ஆயினும் ஓர் ஊரின் பெயருக்கு அழிவின் நினைவு ஒன்றே உரிமையாகிவிடுமாயின், அங்கு வாழ்ந்தோர் இருமுறை இழந்தோர் ஆவர். உடையார்கட்டு என்றதும், அங்கே ஆச்சி சோறு வடித்த நிழலும் நினைவில் எழவேண்டும். நந்திக்கடல் என்றதும், உப்பு நீரில் எரிந்த விளக்கின் கதையும் எழவேண்டும்.

பொங்கல் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கின்றனர். உப்பு நீரில் விளக்கு எரிகிறது. கூடார வண்டில்களின் இடத்தைப் பேருந்துகள் பெற்றுவிட்டன. அப்பேருந்தில் பேரப்பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு செல்லும் முதியவர் ஒருவர், யன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைக் காட்டி, “இங்கேதான் வண்டிலை அவிழ்ப்போம்” என்று சொல்வாராயின், அப்பாதையின் மறுபாதி அப்பிள்ளைக்குக் கிடைத்துவிடும். அதைக் கொடுக்க வல்லவர்கள் அவ்வண்டில்களில் உறங்காது விழித்திருந்த சிறுவர்களே. அவர்கள் இப்போது முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.