அட்டையில் நிற்கும் பள்ளிவாசல்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

சீனியர்களே, ஹாஸ்டல் சாம்பாரை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளே!

வேலையைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நான் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச அனுமதி வாங்கி வந்திருக்கிறேன். பழைய நகரங்களின், முக்கியமாக உதுமானியத் துருக்கியர் காலத்துப் பள்ளிவாசல்களின், படத் தபால் அட்டைகளைச் சேர்ப்பவன் நான். நண்பர்கள் வெளிநாடு போனால் மற்றவர்கள் சாக்லேட் கேட்பார்கள். நான் கார்டு கேட்பேன். "எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கு, எதுக்கு இத்தனை?" என்பது வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி. நியாயமான கேள்விதான்.

முதலில், ஒரே மாதிரி இல்லீங்க. மினாராக்களை எண்ணிப் பாருங்கள். இஸ்தான்புல் கார்டில் ஆறு இருந்தால், அது 1609-ல் கட்டத் தொடங்கிய சுல்தான் அகமது பள்ளிவாசல். நான்கு இருந்து, இரண்டு மட்டும் உயரமாக இருந்தால், 1557-ல் சினான் கட்டி முடித்த சுலைமானியா. நான்கும் ஒரே உயரத்தில் குவிமாடத்தைச் சுற்றி நின்றால், எடிர்னே நகரத்துச் செலிமியே. சினான் தன் எண்பது வயதையொட்டிக் கட்டியது அது. சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. சுலைமானியா கார்டில், பெரிய குவிமாடத்தின் பாரம் அரைக்குவிமாடங்களுக்கு இறங்கிச் சுவருக்குப் போவது படி படியாகத் தெரியும். சிவில் மாணவர்கள் அவசியம் பார்க்கணும்.

அடுத்து, தேதி. தேதி இல்லாத கார்டும் தன் வயதைச் சொல்லிவிடும். பின்பக்கம் நடுக்கோடு இல்லாமல் முகவரிக்கு மட்டுமே இடமிருந்தால், அநேகமாக 1900-களின் தொடக்கமோ அதற்கு முன்போ அச்சானது. அப்போதெல்லாம் சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் எழுத வேண்டும். துருக்கி மொழி அரபி எழுத்தில் அச்சாகியிருந்தால், பெரும்பாலும் 1928 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. கலாத்தா பாலம் படத்தில் விழுந்தால் இன்னும் வசதி. 1912-ல் கட்டிய பாலம் 1992-ல் தீயில் சேதமானது. 1994-ல் புதுப்பாலம் வந்தது.

கடைசியாக ஒரு கார்டு. போஸ்னியாவில் பான்யா லூகா என்ற ஊரின் ஃபெர்ஹாதியா பள்ளிவாசல், 1579-ல் கட்டியது. 1970-களில் யாரோ ஒரு பயணி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். "இங்கே மழை, நாங்கள் நலம்", அவ்வளவுதான் சேதி. அந்தக் கட்டடத்தை 1993 மே 7 அன்று, போரின் நடுவே, வெடி வைத்துத் தகர்த்தார்கள். கற்களைக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். போர் முடிந்தபின் அந்தக் கற்களைத் தேடியெடுத்து, பழைய வரைபடங்களையும் படங்களையும் வைத்து எந்தக் கல் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, மறுபடி எழுப்பினார்கள். 2016-ல் அதே மே 7 அன்று திறப்பு விழா நடந்தது. மோஸ்தர் நகரத்து 1566-ம் வருடத்துக் கல்பாலமும் 1993-ல் குண்டுகளால் விழுந்து, 2004-ல் மீண்டும் எழுந்தது.

இடித்தவர்கள் கட்டடத்தை மட்டும் அழிக்க நினைக்கவில்லை. அப்படி ஒன்று அங்கே இருந்ததே இல்லை என்று ஆக்கப் பார்த்தார்கள். மழையைப் பற்றி எழுதிய அந்தப் பயணியின் கார்டு, இருந்தது என்று சாட்சி சொல்கிறது. வீட்டில் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். செல்போனில் ஆயிரம் படம் எடுக்கிறீர்கள். அதில் பத்தையாவது பிரிண்ட் போட்டு, பின்னால் தேதியும் இடமும் எழுதி வையுங்கள். சீனியர்களே, நம் கல்லூரிக் கட்டடங்களின் பழைய படங்கள் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதே மாதிரி எழுதி நம் நூலகத்தில் ஒப்படையுங்கள்.