அடுத்த வீட்டுக் கிண்ணம்

உத்தியோகத்தின் பொருட்டோ, திருமணத்தின் பொருட்டோ பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. தில்லியில் கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும், மும்பையில் மாதுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கெல்லாம் கோயில் உண்டு. காப்பிப்பொடிக் கடை உண்டு. விசேஷ நாளில் வாழையிலையும் கிடைக்கும். ஆயினும், புதிதாகக் குடிபுகுந்த வீட்டில் முதற் சில மாதங்களுக்கு ஒரு குறை நம்மை விடாமல் வாட்டுகிறது. எதிர்வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்பதே அக்குறை. மொழி சரிவரத் தெரியாது. உறவென்று சொல்லிக்கொள்ள எவரும் இல்லை. காரணமில்லாமல் பிறர் வாயிலில் போய் நிற்கவோ கூச்சமாக இருக்கிறது.

நம் பாட்டிமார் இதற்கொரு வழி வைத்திருந்தனர். அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஏதேனும் வந்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே கழுவித் திருப்பித் தரலாகாது. வேறொன்றும் இல்லையெனில் ஒரு பிடி சர்க்கரையாவது இட்டுத் தரவேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் உபசாரம். ஆழ்ந்து நோக்கினால் இதன் நுட்பம் விளங்கும். கிண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் கணக்கு ஒருபோதும் தீர்வதில்லை. கணக்குத் தீராத வரையில் உறவும் அறுவதில்லை. வீட்டிலேயே செய்யும் தின்பண்டங்களையும், செலவு அதிகமில்லாத கைவேலைகளையும், அவற்றை நண்பர்களுக்குப் பரிசாக அளிக்கும் முறையையும் பற்றி இன்று பேச வந்த நாம், இந்த விதியையே அடிப்படையாகக் கொள்கிறோம்.

கடையில் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். தில்லியில் நமக்கு வாய்த்த முதல் தீபாவளியின்போது நாமும் அப்படித்தான் எண்ணினோம். பளபளக்கும் தாள் சுற்றிய இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்கும்போது தாளின் ஒரு மூலையும் கிழிந்துவிட, அதை அப்படியே எதிர்வீட்டில் கொடுத்தோம். நான்காம் நாள் மாடிவீட்டார் நமக்கொரு பெட்டி கொண்டுவந்தனர். அதே தாள், அதே கிழிந்த மூலை! மூன்று வீடுகள் சுற்றிவந்த அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அலுவலகத்தில் நமக்கு வந்த பெட்டியொன்றை நாமும் அவ்வாண்டு வேறொருவருக்குத் தள்ளிவிட்டவர்களே. விலை கொடுத்து வாங்கிய பொருள் யார் கைக்கும் பொருந்தும். ஆகையால் அது எவர் கையிலும் தங்குவதில்லை. நம் கையால் செய்ததோ, இன்னாருக்கென்றே செய்யப்படுகிறது. அதை மற்றொருவருக்குத் தள்ளிவிட மனம் வராது.

இதைச் சிக்கனம் என்று சொல்லலாம். கஞ்சத்தனம் என்று சொல்லலாகாது. கஞ்சன் பொருளையும் கொடான், உழைப்பையும் கொடான். சிக்கனமுடையவரோ பொருளைக் குறைத்து உழைப்பைக் கூட்டுகிறார். 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணம் நடைபெற்றபோது, காந்தியடிகள் தாமே நூற்ற நூலைக்கொண்டு பின்னப்பட்ட துணி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அதன் நடுவில் ‘ஜெய் ஹிந்த்’ என்ற சொற்கள் பின்னப்பட்டிருந்தன. அரண்மனைக்கு அனுப்பும் பரிசுக்கே கைநூல் போதும் என்று அப்பெரியார் கருதினாரென்றால், அடுத்த வீட்டுக்கு அனுப்ப நாம் ஏன் தயங்கவேண்டும்?

இனி, எதைச் செய்வது என்பதைக் கவனிப்போம். முதலில் சமையலறைக்கே செல்வோம். வெளியூர் நண்பருக்குக் கொடுக்கும் பண்டம் சில நாள் கெடாதிருக்க வேண்டும். அவருடைய உணவோடும் இசையவேண்டும். இவ்விரண்டுக்கும் ஏற்றது பருப்புப்பொடி. துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், மிளகாய் வற்றல் 6, மிளகு ஒரு தேக்கரண்டி, சிறிது பெருங்காயம், வேண்டிய அளவு உப்பு ஆகியவை போதும். வட இந்தியக் கடைகளில் துவரம்பருப்பை ‘அர்ஹர்’ என்று கேட்டு வாங்கலாம். பருப்பை எண்ணெய் விடாமல் இளந்தீயில் வாசனை வரும்வரை சிவக்க வறுக்க வேண்டும். மிளகாயையும் மிளகையும் தனியே வறுக்க வேண்டும். பொட்டுக்கடலைக்கு வாணலியின் சூடே போதும். எல்லாம் முற்றிலும் ஆறிய பிறகே பொடிக்க வேண்டும்; சூட்டோடு பொடித்தால் ஆவி பட்டுக் கட்டிதட்டும், விரைவில் கெடும். ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடினால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும்.

புட்டியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. உண்ணும் முறையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டவேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதற்குப் பெரிதும் உதவுவர். சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து உண்க என்று நாம் சொல்ல, பிள்ளை அதை இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ எழுதட்டும். எழுதும்போதே பண்டத்தின் தமிழ்ப் பெயரும் அதன் மனத்தில் பதியும். செய்த தேதியையும் எழுத மறக்கலாகாது. நம் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இந்தப் பொடியைச் சோற்றில் பிசையவே இல்லை. கோதுமை மாவோடு சேர்த்துப் பிசைந்து பராட்டா செய்து, நம் புட்டியோடு அதையும் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அதன்பின் நம் வீட்டிலும் அந்தப் பராட்டா வழக்கமாகிவிட்டது.

அந்தந்த ஊரின் பருவத்தை அறிந்து செய்வது சிக்கனத்தின் முதற்படி. வடக்கே குளிர்காலத்தில் நெல்லிக்காய் மலிவாகக் குவியும். ஊறுகாய்க்கும் தேனில் ஊறவைப்பதற்கும் அதுவே காலம். வடாம் இடுவதற்குத் தில்லியின் மே மாத வெயிலைவிடச் சிறந்த வெயில் வேண்டியதில்லை. புழுதிக்காற்று வீசும் காலமாதலால் மெல்லிய வேட்டித் துணியால் மூடி உலர்த்தினால் போதும். மும்பைவாசிகள் ஜூன் மாதத்தில் மழை இறங்குமுன் இவ்வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரையில் உப்பே நீர்த்துப்போகும் ஊர் அது.

வடாம் இடுகையில் ஒரு வியப்பையும் காணலாம். பஞ்சாபியர் உளுந்தை அரைத்து மசாலை சேர்த்து ‘வடி’ என்று காயவைக்கின்றனர். வங்காளிகள் அதன் உறவான ‘போரி’யைச் செய்கின்றனர். மேதினிபூர்ப் பகுதிப் பெண்டிர் உளுந்து மாவைக் கசகசா பரப்பிய தட்டின்மேல் நகை வடிவங்களாகப் பிழிந்து உலர்த்துவது, நம் வாசற்கோலத்தை நினைவூட்டும் அருங்கலை. மொட்டைமாடியில் நம் வடாத்துணிக்குப் பக்கத்தில் அவர்களுடைய துணியும் விரிந்திருக்குமானால், பேச்சுக்கு வேறு பொருள் தேடவேண்டுமா?

உணவைக் கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டிய செய்திகளும் உண்டு. சமண சமயத்து நண்பருக்கு வெங்காயமும் பூண்டும் கிழங்கு வகைகளும் ஆகா. நீரிழிவு உள்ள வீட்டுக்கு அதிரசத்தைவிட மிளகுத் தட்டையே நல்ல பரிசு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவருக்கும், தானியம் நீக்கி விரதம் இருப்பவருக்கும் இதைச் சொல்லிவிடுவது நம் கடமை. வேர்க்கடலை, முந்திரி, எள் முதலியவை சிலர் உடலுக்குக் கேடு செய்யுமாதலால், சேர்த்த பொருள்களையெல்லாம் சீட்டில் குறிப்பது நலம். இவ்வாறு கேட்டறிவதே நட்பின் பாதி.

சமையல் கைவராதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. ஊசியும் நூலும் இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் ஓரம் கிழிந்த படுக்கை விரிப்பும், உடுத்தி நைந்த நூல் புடைவையும் மூலையில் கிடக்கும். விரிப்பின் நல்ல பகுதியிலிருந்து 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டை வெட்டி, இரண்டாக மடித்து, இரு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, வாயை மடித்துத் தைத்து, இரண்டு பிடிகள் வைத்தால் நல்லதொரு கடைப்பை ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கம் தொடங்கப்பட்டதையும், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை முதல் இந்தியா முழுவதும் தடை வந்ததையும் நேயர்கள் அறிவார்கள். ஊரிலிருந்து வரும் கல்யாண மஞ்சப்பையைச் சற்று வெட்கத்தோடு ஒளித்துவைத்த நாம், இன்று அதைப் பெருமையோடு பரிசளிக்கலாம். ஒயர்க்கூடை பின்னத் தெரிந்த பெண்கள் நம்மிடையே பலர் உள்ளனர். நெல்லிக்காய் முடிச்சு இட்ட சிறு கூடை ஒன்று பல ஆண்டு உழைக்கும். சந்தைக்குப் போகும் நண்பரின் கையில் நாள்தோறும் நம்மை நினைவூட்டும்.

பழம்புடைவைக்கோ இதைவிட உயர்ந்த உபயோகம் உண்டு. பலமுறை துவைத்து மெதுவாகிப்போன நூல் துணி பச்சிளங்குழந்தையின் மேனிக்கு இதமானது. நாம் அதில் தூளி கட்டினோம். வங்காளத்தார் பழம்புடைவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் இட்டுக் ‘காந்தா’ செய்தனர். பீகாரில் அதே முறையில் ‘சுஜனி’ உண்டாயிற்று. ஆகவே, அண்டை வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், நம் வீட்டு மூதாட்டியின் புடைவையை நன்கு துவைத்து உலர்த்தி, மூன்று மடிப்பாக அடுக்கித் தைத்த சிறு விரிப்பைக் கொடுத்துப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அதன் பொருளை விளக்கவேண்டிய தேவையே இராது.

கொடுப்பதற்கேற்ற நாள்களும் நாடெங்கும் வகுக்கப்பட்டுள்ளன. நவராத்திரிக் கொலுவில் நாம் தாம்பூலத்தோடு சிறு பொருளொன்று வைத்துத் தருவது போலவே, மராட்டியப் பெண்கள் சங்கராந்தி தொடங்கி ரதசப்தமி வரை மஞ்சள் குங்குமத்தோடு ‘வாண்’ என்னும் சிறு பரிசு தருகின்றனர். எள்ளும் வெல்லமும் கூட்டிய உருண்டையைக் கையில் கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வேண்டிக்கொள்வது அவர்கள் மரபு. நம் பொங்கல் நாளும் அந்நாளே. பொங்கல் கிண்ணம் இங்கிருந்து போக, எள்ளுருண்டை அங்கிருந்து வருவது எத்துணைப் பொருத்தம்!

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பரிசு சிறியதாகவே இருக்கட்டும். பெரிய பரிசு வாங்கியவரைக் கடனாளியாக்கும். சிறிய பரிசுதான் எளிதில் மறுபரிசாகத் திரும்பும்.

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று எவரேனும் நினைப்பாராயின், நம் அனுபவம் ஒன்றைக் கூறி முடிப்போம். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு குளிர்கால நள்ளிரவில் நம் வீட்டுப் பெரியவருக்கு மார்புவலி கண்டது. சுற்றத்தார் அனைவரும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தனர். அப்பொழுது தயங்காமல் நாம் தட்டியது அந்தப் பஞ்சாபி அம்மையாரின் கதவை. அவர் மகன் வண்டியை எடுத்தான். அம்மையார் நம் குழந்தைகளைத் தம் வீட்டில் படுக்கவைத்தார். பெரியவர் பிழைத்தார். இதற்காகத்தான் பருப்புப்பொடி கொடுத்தோமா? இல்லை. பயன் கருதிக் கொடுப்பது பரிசாகாது. ஆனால் பகலில் ஒருநாளும் தட்டாத கதவை நள்ளிரவில் தட்டக் கை துணியாது என்பதை அன்று உணர்ந்தோம்.

அக்குடும்பம் பின்னர் மாற்றலாகி வேறூர் சென்றுவிட்டது. அவர்கள் சென்ற பிறகு பார்த்தால், அம்மையாரின் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று நம் அலமாரியில் இருந்தது. அவரிடமும் நம் கிண்ணம் ஒன்று இருக்கிறதென்று கடிதத்தில் எழுதியிருந்தார். இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

நேயர்களே! இந்த வாரத்திற்குள் ஒரு கைப்பிடி பருப்பை வறுத்துப் பொடியுங்கள். அல்லது ஒரு பழந்துணியில் பை தையுங்கள். எதிர்வீட்டு மணியை அழுத்துங்கள். மொழி தெரியாவிடினும் கிண்ணத்தை நீட்டத் தெரிந்தால் போதும். மற்றதை அவர்கள் திருப்பி அனுப்பும் கிண்ணம் பார்த்துக்கொள்ளும்.