கிளம்ப மறுக்கும் பழைய மோட்டார் வண்டி

ஃபோர்டு நிறுவனத்தார் 1908 முதல் 1927 வரை செய்த 'மாடல் டி' மோட்டார் வண்டியில் பெட்ரோலைச் செலுத்தும் பம்பு கிடையாது, மாணவர்களே. பெரும்பாலானவற்றில் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது; பெட்ரோல் தன் எடையினாலேயே குழாய் வழியாகக் கார்ப்புரேட்டருக்கு இறங்கும். தொட்டியில் பெட்ரோல் குறைந்த வேளையில் செங்குத்தான மேடு வந்தால், எஞ்சின் உயர்ந்துவிடும்; பெட்ரோல் அதை எட்டாது. ஆகவே வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேறியவர் பலர்!

அத்தகைய வண்டி இன்று கிளம்ப மறுத்தால், எடுத்த எடுப்பிலேயே கார்ப்புரேட்டரைக் கழற்றுவோர் உளர். அது முறையன்று. பெட்ரோல் வரும் வழியே நாமும் செல்லவேண்டும். முதலில் இருக்கையைத் தூக்கி, தொட்டியில் குச்சியை விட்டு அளவு பாருங்கள். இருட்டாயிருக்கிறதென்று தீக்குச்சி கிழிக்கலாகாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆளையே எரித்துவிடும்.

எஞ்சின் ஆறியபின், கார்ப்புரேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து பாத்திரத்தில் பிடியுங்கள். ஒழுக்கு சீராக நீடித்தால் மின்பொறியைச் சோதிக்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தால், தொட்டியின் அடியிலுள்ள வண்டல் கிண்ணத்தைப் பாருங்கள். துருவும் நீரும் தங்குமிடம் அதுவே. அது துப்புரவாயிருந்து, குழாயிலும் அடைப்பில்லையெனில், அப்போதுதான் கார்ப்புரேட்டரில் கை வைக்கவேண்டும்.

நன்றாகத் தொடங்கிய ஒழுக்கு சற்று நேரத்தில் நின்றுவிடுகிறதா? தொட்டி மூடியைத் திறவுங்கள். மீண்டும் பாய்ந்தால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. உள்ளே காற்றுப் புகாவிடில் பெட்ரோல் எவ்வாறு இறங்கும்? எண்ணெய்த் தகரத்தில் இரண்டாவது துளையிடுவதும் இதன்பொருட்டே. மெல்லிய கம்பி ஒன்று போதும்.