மாற்றுறுப்பும் மூளையும்



பிறர் உடலிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை ஒருவருக்குப் பொருத்தினால், அவருடைய இரத்த வெள்ளணுக்கள் அதனைப் பகையென்றே கொள்ளும். 1954-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி பெற்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் என்பதே அதற்குக் காரணம். எல்லாருக்கும் இரட்டைப் பிறவி வாய்க்குமா? ஆகவே அப்பகையை அடக்கும் மருந்துகளைத் தேட வேண்டியதாயிற்று.

அவற்றுள் சிறந்த இரண்டும் மண்ணிலிருந்து வந்தவை. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சை சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பான் நாட்டு மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று டாக்ரோலிமஸைத் தந்தது. வெள்ளணு போருக்கு எழக் கால்சினியூரின் என்னும் நொதி வேண்டும். இம்மருந்துகள் அந்நொதியைக் கட்டிப்போடுகின்றன. ஆனால் அதே நொதி மூளையில் மிகுதியாக உண்டு. அதன் பெயரிலேயே நரம்பைக் குறிக்கும் சொல் ஒட்டியிருப்பதை நோக்குங்கள்!

மருந்துண்போர் பலருக்கு முதலில் தோன்றுவது கை நடுக்கம். மாணவர் கையெழுத்தைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இது சிறு துன்பமாகத் தோன்றவில்லை. தலைவலி, உறக்கமின்மை, கைகால்களில் மதமதப்பு ஆகியனவும் உண்டு. அரிதாக வலிப்பும் மனக்குழப்பமும் நேரும். 1996-இல் மருத்துவ அறிஞர் விவரித்த ஒரு நிலை வியப்பானது. இரத்த அழுத்தம் ஏறி, மூளையின் பின்பகுதியில் நீர் கசிந்து வீங்குகிறது. பார்வையை உணரும் இடம் அதுவே. ஆதலால் கண்கள் பழுதின்றி இருந்தும் நோயாளி காண்பதில்லை. அழுத்தத்தைத் தணித்து, மருந்தைக் குறைத்தோ மாற்றியோ கொடுத்தால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பிவிடுகிறது.

நடுக்கத்துக்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவோர் உளர். வெள்ளணுக்கள் உடனே விழித்துக்கொள்ளும். அரும்பாடுபட்டுப் பெற்ற உறுப்பு அழியும். அளவு மிகுந்தால் மூளைக்குத் துன்பம். குறைந்தால் உறுப்புக்கு ஆபத்து. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வழி மிகக் குறுகியது. அதனாலேயே காலை மருந்தை விழுங்குமுன் இரத்தம் எடுத்து, அதில் எஞ்சியுள்ள மருந்தை அளக்கிறார்கள். வேறு மருந்துகளும் இவ்வளவைக் குலைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதனை வெகுவாகத் தாழ்த்திவிடும். கிரேப்ஃபுரூட் என்னும் பழமோ, மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுத்து அதனை உயர்த்திவிடும். பழந்தானே என்று எண்ணி உண்டவருக்கு மறுபடியும் கை நடுங்கத் தொடங்கலாம்.