நடைவண்டி போதும், வாக்கர் வேண்டாம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன், தவணை, தீர்மானம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப பத்து நிமிஷம் நம்ம வீட்டுச் சின்னப் புள்ளைகளைப் பத்திப் பேசுவோம்.

நம்மில் பல பேர் மில்லுக்குப் போறோம், பூ எடுக்கப் போறோம். புள்ளையைப் பார்ப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். அவங்களுக்கு முழங்கால் வலி, ஓடிப் பிடிக்க முடியாது. அதனால தொட்டில், இல்லேன்னா சக்கரம் வைச்ச வாக்கர். "உள்ளே உக்கார வைச்சுட்டா கவலையில்லை" என்கிறார்கள். கவலையே அங்கேதான் ஆரம்பிக்குது.

வாக்கரில் குழந்தை உட்கார்ந்துகொண்டு கால்விரலால் தரையை உந்துகிறது. உடம்பைத் தாங்குவது துணி இருக்கை. கீழே விழாமல் சமாளிக்க வேண்டிய வேலையே இல்லாதபோது, அந்தப் பழக்கம் எப்படி வரும்? வேகமோ அதிகம். கண் மூடித் திறப்பதற்குள் அடுப்படிக்கும் வாசல்படிக்கும் போய்விடும். கனடா நாட்டில் 2004-ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நாம இங்கே காசு கொடுத்து வாங்குறோம்.

நம்ம மர நடைவண்டி அப்படியில்லை. புள்ள தன் காலில் நின்று, தானே தள்ளணும். வண்டி லேசா இருந்து முன்னால் ஓடினால், துணியில் சுற்றிய செங்கல் ஒன்றை அதன்மேல் கட்டி வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கணும், அது மட்டும் முக்கியம்.

வீட்டில் இருப்பதே விளையாட்டுச் சாமான். பாயை விரித்து, நடுவில் தலையணைகளைப் போட்டு ஏறி இறங்க விடுங்கள். நடக்க ஆரம்பித்த புள்ளைக்குப் பழைய சேலையை முறுக்கித் தரையில் நீளமாகப் போட்டு, அதன் ஓரமாகவே நடக்கச் சொல்லுங்கள். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டினால் பந்து. முதலில் உருட்டட்டும், பிறகு எறியட்டும். இரண்டு வயசு வாக்கில் உதைக்கும். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் நாலைந்தைப் பரப்பி, குனிந்து எடுத்துக் கூடையில் போடச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுவதிலேயே காலும் இடுப்பும் உறுதிப்படும். புளியங்கொட்டை, நிலக்கடலை, சின்ன வெங்காயம் வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் வாளியையும் திறந்து வைக்காதீர்கள், அரை வாளித் தண்ணி போதும் ஆபத்துக்கு.

வீட்டுக்குள் செருப்பு, ஷூ எதுக்கு? வெறுங்காலால் தரையைத் தொட்டால்தான் புள்ளைக்கு நிதானம் பிடிபடும். நொண்டி விளையாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். ஒற்றைக்காலில் குதிக்க நாலு வயசு வாக்கில்தான் வரும்.

பக்கத்து வீட்டுப் புள்ள பத்து மாசத்தில் நடந்துச்சாம், எம்புள்ள இன்னும் நடக்கலையேன்னு அழுவாங்க சில பேர். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, தானாக நடப்பது 8 மாதம் முடிந்ததிலிருந்து பதினேழரை மாதம் வரை எப்போதும் வரலாம். அதனால ஒப்பிட்டுப் பார்த்துப் புலம்பாதீங்க.

ஆனா ஒன்றரை வயசு முடிஞ்சும் நடக்கலைன்னா காத்திருக்கக் கூடாது. எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ, ஒரு பக்கக் கையையும் காலையும் மட்டுமே பயன்படுத்தினாலோ, வந்த பழக்கம் மறைந்தாலோ அப்படித்தான். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று மாமியார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் நல்ல காலம் கைநழுவிப் போகும். ஒன்றரை வயசு தடுப்பூசிக்குப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை பரிசோதிக்க வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். அவங்க மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பாங்க, அங்கே பயிற்சி இலவசம்.

ஒரு அக்கா கேட்டாங்க: "வாக்கர் வாங்கிட்டேன், என்ன செய்ய?" சக்கரத்தைக் கழற்றிப் போடுங்க அக்கா. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடாதீங்க.